சுங்க வாயிலும் மின்னணுப் பொருளும்

நாடு என்று ஒன்று உண்டாயின் அதற்கு எல்லை உண்டு. எல்லை உண்டாயின் வாயில் உண்டு. வாயிலில் காவலும், அக்காவலைக் கடந்து வரும் பொருளுக்கு வரியும் உண்டு. இவ்வரியையே சுங்கம் என்கிறோம். அயல்நாட்டிலிருந்து திரும்பும் உறவினரின் பெட்டியில் வரும் கைப்பேசியும், நம் பிள்ளைகள் கல்வி பயிலும் மடிக்கணினியும், கூடத்துச் சுவரில் தொங்கும் தொலைக்காட்சியும், முழுப்பொருளாகவோ உறுப்புகளாகவோ இவ்வாயிலைக் கடந்தே நம் இல்லம் புகுகின்றன.

ஆயினும் சுங்கம் என்ற சொல்லைக் கேட்ட அளவில் நம்மில் பலருக்கு நெஞ்சில் ஒரு நடுக்கம் தோன்றுகிறது. குற்றமொன்றும் செய்யாதவரும் விமான நிலையத்துச் சுங்க மேசையைக் கண்டதும் நடையைத் தளர்த்துகின்றனர். இந்நடுக்கம் எங்கிருந்து வந்தது? நம் முன்னோருக்கும் இது இருந்ததா? இனியும் இது இருக்கத்தான் வேண்டுமா? இவ்வினாக்களுக்கு வரலாற்றில் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். யான் சட்டம் கற்றவன் அல்லேன். இரயில்வேயில் சரக்குக் காகிதங்களோடு நாளும் பழகும் ஓர் எழுத்தன். ஒரு பொருள் ஓரிடம் விட்டு ஓரிடம் செல்லுமுன் எத்தனை காகிதங்கள் அதற்கு முன்னே செல்கின்றன என்பதை அறிந்தவன் என்ற உரிமையில் எழுதத் துணிந்தேன்.

பண்டைய வாயில்

சுங்கம் நமக்குப் புதியதன்று. 'உல்கு' என்பது இதற்குப் பழந்தமிழ் வழங்கிய பெயர். அரசனுக்கு உரிய பொருள்களைக் கணக்கிடும் வள்ளுவர், 756ஆம் குறளில் உல்கு பொருளையும் ஒன்றாக எண்ணுகிறார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத் துறையையே நம் கண்முன் நிறுத்துகிறது. கடலிலிருந்து கரைக்கு வரும் பொருளும், கரையிலிருந்து கடலுக்குச் செல்லும் பொருளும் அங்கே அளவின்றிக் குவிந்து கிடந்தன. அவற்றின்மேல் சோழனின் புலி இலச்சினை பொறிக்கப்பட்டது. கதிரவனின் தேர்க் குதிரைகள் போலச் சோர்வறியாது சுங்கம் கொள்வோர் காவல் புரிந்தனர். இன்று சுங்கம் முடிந்த பெட்டியின்மேல் முத்திரையிடும் வழக்கத்தின் மூதாதை அப்புலி முத்திரையே எனலாம்.

வடமொழியில் கௌடில்யர் பெயரால் வழங்கும் அர்த்த சாஸ்திரமும் இத்துறையை விரிவாகப் பேசுகிறது. நகரின் பெருவாயிலுக்கு அருகே கொடி பறக்கும் சுங்கச் சாலை. அங்கே வணிகன் யார், எவ்வூரான், கொணர்ந்த சரக்கு எவ்வளவு, முன்னர் எங்கே முத்திரை இடப்பெற்றது என்பன ஏட்டில் பதியப்பட்டன. சுங்கத்துக்கு அஞ்சிச் சரக்கின் அளவையோ விலையையோ குறைத்துக் கூறினால், மறைத்த பொருள் அரசனைச் சேரும். அன்றேல் சுங்கம் எட்டு மடங்காகும். அதே நூல், திருமணத்துக்கும் வேள்விக்கும் வழிபாட்டுக்கும் மகப்பேற்றுக்கும் கொண்டு செல்லும் பொருளுக்குச் சுங்கம் இல்லை என்றும் விதிக்கிறது. விலையைக் குறைத்துக் காட்டும் குற்றமும் பழையது. குடும்பத் தேவைக்குக் காட்டும் சலுகையும் பழையது. இன்று விமானப் பயணிக்கு வழங்கும் வரியில்லாச் சலுகையின் வேரை அங்கே காணலாம்.

வரி கொள்ளும் உரிமை உடைய அரசர்கள், அவ்வுரிமையை அளவோடு கையாளுவதிலும் பெருமை கண்டனர். 1070 முதல் 1120 வரை ஆண்ட முதற் குலோத்துங்கனைத் தமிழகம் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே நினைவில் வைத்திருக்கிறது. ஆந்திரக் கடற்கரையில் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காகதீய மன்னன் கணபதி தேவன் 1244ஆம் ஆண்டளவில் ஒரு கல்வெட்டுப் பொறித்தான். புயலில் சிக்கிக் கரை ஒதுங்கிய கலங்களின் பொருளை முன்னைய மன்னர்கள் பறித்துக்கொண்டனர் என்றும், தான் அங்ஙனம் செய்யாது முப்பதில் ஒரு பங்கு சுங்கம் மட்டுமே கொள்வதாகவும் அவன் அதில் அறிவித்தான். அது அஞ்சாதீர் என்று வணிகருக்கு அளித்த அபய சாசனம். விகிதத்தைக் கல்லில் வெட்டி எவரும் காண நிறுத்திவிட்டால், வணிகன் அச்சமின்றி வருவான். அவன் வந்தால் கருவூலமும் நிறையும். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அம்மன்னன் கண்ட இவ்வுண்மையைப் பிற்காலத்தார் சில வேளை மறந்தனர் என்பதே நம் வரலாறு.

சட்டமும் கட்டுப்பாடும்

ஆங்கிலேயர் ஆட்சியில் 1878ஆம் ஆண்டின் கடல் சுங்கச் சட்டம் வந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய துறைமுகங்களின் சுங்க மாளிகைகள் எண்பது ஆண்டுகளுக்கு மேல் இச்சட்டத்தின் கீழ் இயங்கின. அந்நாளில் சுங்கம் பெரும்பாலும் வரி வருவாயைப் பற்றியதே. வரியைக் கட்டினால் பொருள் உன்னுடையது.

இரண்டாம் உலகப் போர் இந்நிலையை மாற்றியது. 1940இல் போர்க்கால விதிகளின் கீழ் இறக்குமதிக் கட்டுப்பாடு புகுந்தது. கப்பலில் இடமில்லை, அந்நியச் செலாவணியைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும். போர் முடிந்தும் கட்டுப்பாடு போகவில்லை. விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலேயே இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டமும், அந்நியச் செலாவணி ஒழுங்குச் சட்டமும் இயற்றப்பட்டன. அன்று முதல் சுங்க வாயிலில் இரண்டு வினாக்கள் கேட்கப்பட்டன. வரி கட்டினாயா என்பது ஒன்று. இப்பொருளைக் கொண்டுவர லைசென்ஸ் உண்டா என்பது மற்றொன்று. முதல் வினாவுக்குப் பணம் விடை. இரண்டாம் வினாவுக்குச் சாதாரணக் குடிமகனிடம் விடையே இல்லை.

அரசாங்கத்தின் பக்கமும் நியாயம் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் தொடக்கத்தில், 1957இல், நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு வேகமாகக் கரைந்தது. உருக்காலைக்கு இயந்திரம் வாங்குவதா, வீட்டுக்கு ரேடியோ வாங்குவதா என்ற நிலையில், எந்த அரசாங்கமும் இயந்திரத்தையே தேர்ந்திருக்கும். 1954இல் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும், 1967இல் ஐதராபாத்தில் இந்திய மின்னணுக் கழகமும் எழுந்தன. மூடிய கதவின் நிழலில்தான் பிற்காலத்தில் சென்னையில் டயனோரா, சாலிடேர் போன்ற தொலைக்காட்சிப் பெட்டிகள் உருவாகி நம் தெருக்களில் பெயர் பெற்றன.

இக்காலத்தில்தான் சட்டமும் புதுப்பிக்கப்பட்டது. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 1963 பிப்ரவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பல திருத்தங்களோடு இன்றும் நம்மை ஆள்வது இச்சட்டமே. இதன் 123ஆம் பிரிவு கருதத்தக்கது. தங்கம், கைக்கடிகாரம் ஆகியவற்றையும், அரசாங்கம் அறிவிக்கும் பிற பொருள்களையும், கடத்தல் பொருள் என்ற நியாயமான நம்பிக்கையோடு அதிகாரி கைப்பற்றினால், அது கடத்தல் பொருள் அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு வைத்திருந்தவர் மேல் விழும். பிற வழக்குகளில் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியது சர்க்கார். இங்கோ குற்றமின்மையை மெய்ப்பிக்க வேண்டியவன் குடிமகன். நம் நடுக்கத்தின் ஊற்றுக்கண்களுள் இதுவும் ஒன்று.

டிரான்ஸிஸ்டரும் பர்மா பஜாரும்

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்ஸிஸ்டர் பிறந்தது. 1954இல் டிரான்ஸிஸ்டர் ரேடியோ கடைக்கு வந்தது. அதற்கு முன் ரேடியோ என்பது மேசையில் அமரும் மரப்பெட்டி. இப்போது அது சட்டைப் பையில் அடங்கியது. சுங்க வரலாற்றில் இதன் விளைவு பெரிது. பட்டுப் பொதியையும் மிளகு மூட்டையையும் ஒளிப்பது அரிது. உள்ளங்கை அளவில் ஒரு மாதச் சம்பளம் அடங்கும் பொருள் வந்துவிட்டால், அதை ஒளிப்பது எளிது, தேடுவது கடினம். பொருள் சிறுத்தது, ஐயம் பெருத்தது.

மலேயாவிலும் சிங்கப்பூரிலும் உழைத்த தமிழர் பினாங்கு வழியாக நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் வந்திறங்கிய 'ரஜூலா' கப்பலை நம் பெரியோர் இன்றும் நினைவு கூர்வர். 1926 முதல் நெடுங்காலம் ஓடிய அக்கப்பலுக்குப் பின், 1972 முதல் 1985 வரை 'சிதம்பரம்' கப்பல் அவ்வழியில் ஓடியது. ஆண்டுக்கணக்கில் மிச்சம் பிடித்த பணத்தில் ரேடியோவும், பின்னர் டேப் ரிக்கார்டரும் வாங்கிவருவது அயல்நாடு சென்றோர் பலரின் ஆசை. பின்னர் வளைகுடா நாடுகளுக்குச் சென்றோருக்கும் அதே ஆசை. அவர்கள் வணிகர் அல்லர். தங்கை திருமணத்துக்கும் தாயின் மகிழ்ச்சிக்கும் பொருள் சுமந்து வந்தவர். ஆனால் வாயிலில் அவர்களும் கடத்தல்காரரும் ஒரே வரிசையில் நின்றனர்.

விரும்பிய பொருள் நேர்வழியில் கிடைக்காதபோது குறுக்குவழி பிறக்கும் என்பதற்கு ஒவ்வொரு பெருநகரமும் சான்று. பர்மாவிலிருந்து அகதிகளாகத் திரும்பிய நம் மக்களின் பிழைப்புக்காக 1960களில் சென்னைக் கடற்கரைச் சாலையில் தோன்றிய பர்மா பஜார், அயல்நாட்டு மின்னணுப் பொருளுக்குப் பெயர் பெற்ற சந்தையாயிற்று. அச்சாலையிலேயே சுங்க மாளிகையும் இருப்பது வரலாற்றின் விந்தை! கல்கத்தாவில் கிதிர்பூரின் பேன்ஸி மார்க்கெட்டும், பம்பாயில் முசாபிர்கானா கடைகளும், தில்லியில் பாலிகா பஜாரும் இவ்வகையில் புகழ் கொண்டன. 1974இல் கடத்தலைத் தடுக்க, விசாரணையின்றிக் காவலில் வைக்க வழிசெய்யும் 'காபிபோசா' சட்டம் வந்தது. சட்டம் கடுமையாயிற்று, சந்தையோ குறையவில்லை. நேர்மையான பள்ளி ஆசிரியரும் வங்கி எழுத்தரும் கூட, பில் இல்லாத பொருளை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, அதைக் குற்றமென்றே கருதாதிருந்தனர். சட்டத்தை மதிக்கும் பழக்கம் ஒரு நாட்டின் செல்வம். அச்செல்வத்தில் ஒரு பகுதியை நாம் அக்காலத்தில் இழந்தோம் என்பது என் எண்ணம்.

கணினி வந்த கதை

இந்தியா கண்ட முதல் மின்னணுக் கணினி இங்கிலாந்தில் செய்யப்பட்ட 'ஹெக்-2எம்'. மகலனோபிஸ் நிறுவிய கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு அது 1955இல் வந்து 1956இல் இயங்கத் தொடங்கியது. 1963இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 வந்தது. 1960களின் நடுவில் நம் இரயில்வேயின் மண்டலத் தலைமையகங்களிலும் ஐ.பி.எம். 1401 இயந்திரங்கள் வாடகைக்கு அமர்த்தப்பட்டு, சம்பளப் பட்டியலும் சரக்குக் கணக்கும் போடலாயின. 1966இல் பாபா குழு மின்னணுத் தொழிலின் வளர்ச்சிக்கு அறிக்கை தந்தது; 1970இல் மின்னணுத் துறை தனியே அமைந்தது. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டம் அயல்நாட்டு நிறுவனங்களின் பங்கு அளவைக் குறைக்கப் பணித்தபோது, ஐ.பி.எம். அதற்கு இணங்காது 1978இல் நாட்டைவிட்டு வெளியேறியது. அது விட்டுச் சென்ற இயந்திரங்களைப் பராமரிக்கும் பணியைச் சி.எம்.சி. என்ற அரசு நிறுவனம் ஏற்றது. அந்நிறுவனத்தின் துணையோடுதான் 1985-86இல் புதுதில்லியில் இரயில் பயணச்சீட்டு முன்பதிவு கணினிமயமாயிற்று.

தனியார் நிலை என்ன? 1981இல் தோன்றிய இன்போசிஸ் நிறுவனத்தின் நிறுவனர் நாராயண மூர்த்தி, ஒரு கணினியை இறக்குமதி செய்ய அனுமதி பெறுவதற்காகத் தில்லிக்குப் பன்முறை அலைந்த கதையைப் பல மேடைகளில் கூறியுள்ளார். பொருளின் விலையை விட அதைக் கொண்டுவரும் காகிதத்தின் விலை மிகுந்த காலம் அது.

1982இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டி வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் முதல் தொலைக்காட்சி வண்ணம் பெற்றது. வண்ணத்தைக் காணப் பெட்டி வேண்டுமே! அரசாங்கமே இறக்குமதி விதிகளைத் தளர்த்தியது. 1984 நவம்பரில் புதிய கணினிக் கொள்கை வெளியாகி, கணினிக்கும் உறுப்புகளுக்கும் வரியும் தடையும் குறைந்தன. கதவு சற்றே திறந்தது.

1991க்குப் பின்

1991இல் அந்நியச் செலாவணி நெருக்கடி உச்சம் அடைந்தபோது, கதவை மேலும் இறுக மூடுவதற்கு மாறாகத் திறக்கும் வழியை அரசாங்கம் மேற்கொண்டது. அதற்கு முன் சில பொருள்களுக்கு மதிப்பில் 300 சதவீதத்தையும் கடந்த சுங்க வரி இருந்தது. 1991 ஜூலை வரவு செலவுத் திட்டம் உச்ச விகிதத்தை 150 சதவீதமாக்கியது. 1993இல் அது 85, 1995இல் 50, 1997இல் 40, 2007இல், வேளாண் பொருள் நீங்கலாக, 10 சதவீதம். பதினாறு ஆண்டுகளில் இறங்கிய படிகள் இவை. 1996இல் சிங்கப்பூரில் உருவான தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா 1997இல் சேர்ந்து, கணினி முதலிய பொருள்களின் அடிப்படைச் சுங்க வரியைப் படிப்படியாக 2005க்குள் இல்லாமல் ஆக்கியது. ரேடியோவுக்காகவும் டேப் ரிக்கார்டருக்காகவும் பர்மா பஜாருக்குச் சென்றவர்கள், உத்தரவாதச் சீட்டோடும் பில்லோடும் கடையில் வாங்கத் தொடங்கினர். எந்தச் சோதனையும் சாதிக்காததை மிதமான விகிதம் சாதித்தது.

ஆயினும் வரலாறு நேர்கோட்டில் செல்வதில்லை. துபாயிலிருந்தும் பாங்காக்கிலிருந்தும் பயணிகள் தட்டைத் திரைத் தொலைக்காட்சிகளை வரிசையாகச் சுமந்து வந்ததைக் கண்டு, 2013 ஆகஸ்டு 26 முதல் அப்பெட்டிகளுக்குப் பயணிகளின் வரியில்லாச் சலுகை நீக்கப்பட்டது. அன்றைய கணக்கில் 100 ரூபாய் மதிப்புக்கு 36 ரூபாய் 5 காசு வரியாயிற்று. உள்நாட்டில் கைப்பேசித் தொழிலை வளர்க்கும் பொருட்டு 2017 டிசம்பரில் கைப்பேசிக்கு 15 சதவீதமும், 2018 பிப்ரவரியில் 20 சதவீதமும் சுங்க வரி விதிக்கப்பட்டது; 2024 ஜூலையில் மீண்டும் 15 சதவீதம் ஆனது. அயல்நாட்டு இணையக் கடைகள் பரிசுப்பொருள் என்ற பெயரில் சரக்கு அனுப்பியதைத் தடுக்க, ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் நீங்கலாக, பரிசுக்குரிய சலுகை 2019 டிசம்பரில் நீக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் மடிக்கணினி இறக்குமதிக்கே லைசென்ஸ் வேண்டும் என்ற அறிவிப்பு திடுமென வந்து, பின்னர் ஒத்திவைக்கப்பட்டு, அவ்வாண்டு இறுதியில் முன்பதிவு முறையாக மென்மை பெற்றது. கதவு திறக்கும், சற்றே சாத்தும், மீண்டும் திறக்கும். காரணம் எப்போதும் ஒன்றே. உள்நாட்டுத் தொழிலையும் பார்க்க வேண்டும். வாங்குவோரையும் பார்க்க வேண்டும்.

கடல் இல்லா ஊரில் கடல் வாயில்

கடலையே காணாத நகரில் வாழும் நமக்கு இச்செய்தி மகிழ்வூட்டும். சுங்க வாயில் இன்று துறைமுகத்தோடு நிற்பதில்லை. 1981இல் பெங்களூரில் நாட்டின் முதல் உள்நாட்டுக் கன்டெய்னர் நிலையம் தொடங்கியது. துறைமுகத்தில் இறங்கிய கன்டெய்னர் முத்திரை உடையாமல் இரயிலேறி உள்நாட்டுக்கு வந்து, அங்கேயே சுங்கச் சோதனை முடிப்பது இம்முறை. இப்பணிக்கென 1988இல் இந்தியக் கன்டெய்னர் கழகம் இரயில்வேயின் கீழ் நிறுவப்பட்டது. தில்லி துக்ளகாபாத் போன்ற நிலையங்களில் இன்று கடலும் தண்டவாளமும் கைகோக்கின்றன. பட்டினப்பாலையின் புலி முத்திரை இரயிலேறி வடநாடு வந்துவிட்டது என்று நாம் பெருமை கொள்ளலாம்.

காகிதமும் மாறியது. 1995இல் தில்லியில் தொடங்கிய கணினிவழிச் சுங்க முறை பிற நிலையங்களுக்கும் பரவியது. 2011இல் இறக்குமதி செய்பவரே தம் வரியைக் கணித்துக்கொள்ளும் சுய மதிப்பீடு சட்டத்தில் இடம் பெற்றது. அதிகாரி அதைச் சரிபார்ப்பார். 2020 ஜூன் 8ஆம் நாள் பெங்களூரிலும் சென்னையிலும் முகமறியா மதிப்பீடு தொடங்கியது. ஓர் ஊரில் வந்த சரக்கின் காகிதத்தை வேறோர் ஊரில் அமர்ந்த அதிகாரி ஆராயும் முறை இது. தொடக்கத்தில் இதற்குத் தேர்ந்தெடுத்த பொருள்கள் பெரும்பாலும் சுங்க அட்டவணையின் 84, 85ஆம் அதிகாரங்களைச் சேர்ந்த இயந்திரங்களும் மின்பொருள்களுமே. முகம் பார்த்துச் செய்யும் சலுகைக்கும் முகம் பார்த்துக் கொள்ளும் பகைக்கும் இங்கே இடம் குறைவு.

வாயிலைக் கடக்கும் முறை

இனி, ஒரு பொருள் வாயிலைக் கடக்கும் முறையைச் சுருங்கச் சொல்வேன். கப்பலோ விமானமோ கொணரும் சரக்கின் பட்டியல் முதலில் சுங்கத்துக்குச் சேர்கிறது. பின்னர் இறக்குமதி செய்பவர், தாமாகவோ தரகர் மூலமாகவோ, 'பில் ஆப் என்ட்ரி' என்னும் அறிக்கையைத் தருகிறார். விலைச்சீட்டு, பெட்டிப் பட்டியல், கப்பல் சீட்டு ஆகியன உடன் செல்லும். பொருள் இன்னதென்று எட்டு இலக்க எண்ணால் வகுக்கப்படுகிறது. அவ்வெண்ணே வரியின் விகிதத்தைத் தீர்மானிக்கும் என்பதால், வழக்குகள் பலவும் அங்கேதான் பிறக்கின்றன. கணினியோடு இணையும் பொருள் கணினி உறுப்பா, தனிப்பொருளா என்பதில் எத்தனையோ வாதங்கள் நீதிமன்றம் வரை சென்றுள்ளன.

மதிப்பு என்பது கடையில் கொடுத்த விலை மட்டுமன்று. கப்பல் கூலியும் காப்பீடும் அதில் சேரும். ஒரு கணக்கைக் காண்போம். அவ்வாறு சேர்த்த மதிப்பு 10,000 ரூபாய் என்றும், அடிப்படைச் சுங்கம் 10 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். சுங்கம் 1,000 ரூபாய். அதன் மேல் 10 சதவீதம் சமூகநலக் கூடுதல் வரி 100 ரூபாய். இவை சேர்ந்த 11,100 ரூபாயின் மேல் 18 சதவீதச் சரக்கு சேவை வரி 1,998 ரூபாய். ஆக மொத்தம் 3,098 ரூபாய். பத்துச் சதவீத வரி என்று கேட்டு வந்தவர் முப்பதுக்கு மேல் கட்டும்போது, அதிகாரி ஏமாற்றுகிறார் என்று மயங்குவதுண்டு. வரியின் மேல் வரி ஏறும் கணக்கை அறிந்தால் அம்மயக்கம் தீரும்.

தாமதத்துக்கும் விலை உண்டு. நம் சரக்கு நிலையத்தில் பொருளை உரிய நேரத்தில் எடுக்காவிட்டால் 'வார்பேஜ்' ஏறுவதை அறிவோம். வேகனை நிறுத்தி வைத்தால் 'டெமரேஜ்' ஏறுவதையும் அறிவோம். துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் அங்ஙனமே. ஒரு சீட்டுக் குறைந்ததால் பத்து நாள் தங்கிய பெட்டிக்குச் சுங்கத்தை விடச் சேமிப்புக் கூலி மிகுவதும் உண்டு.

வரி கட்டினாலும் நுழைய முடியாத பொருள்களும் உள. அயல்நாட்டில் செய்த டிரோன் எனப்படும் பறக்கும் கருவியின் இறக்குமதி, சில அரசுத் தேவைகள் நீங்கலாக, 2022 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டது. மின் சிகரெட்டுக்கு 2019இல் தடை வந்தது. செயற்கைக்கோள் தொலைபேசியை அனுமதியின்றிக் கொண்டுவந்து துன்பப்பட்ட பயணிகள் பலர். விமானப் பயணிகளின் பெட்டிக்கு 2016ஆம் ஆண்டு விதிகள் பெரும்பாலோர்க்கு 50,000 ரூபாய் வரை வரியின்றி அனுமதித்தன. பதினெட்டு வயது நிரம்பியவர் ஒரு மடிக்கணினி கொணரவும் அனுமதித்தன. இத்தகைய அளவுகள் அவ்வப்போது மாறும் இயல்பின. ஆதலால் உறவினர் புறப்படுமுன் அன்றைய விதியைச் சுங்கத் துறையின் அறிவிப்பில் பார்த்துக்கொள்வது அறிவுடைமை.

வரலாறு கூறும் பாடம்

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் இரண்டு உண்மைகள் புலப்படும். முதலாவது ஆள்வோருக்கு உரியது. விகிதம் மிதமாயும் விதி தெளிவாயும் இருந்த காலத்தில் கருவூலமும் நிறைந்தது, குடிமகனின் நேர்மையும் நிலைத்தது. வீட்டில் ஒருவர் பாட்டுக் கேட்க விரும்பும் எளிய ஆசையைக் குற்றமாக்கிய காலத்தில், நல்லோரும் சட்டத்தை ஏய்க்கப் பழகினர். மோட்டுப்பள்ளிக் கல்வெட்டு இன்றும் கூறும் செய்தி இதுவே.

இரண்டாவது நமக்கு உரியது. கதவு மூடியிருந்த காலத்தில் நம் பெரியோர் கொண்ட அச்சத்தையும், அவ்வச்சத்தால் பழகிய மறைத்தலையும், கதவு திறந்த பின்னும் நாம் சுமந்து திரிய வேண்டுவதில்லை. அத்தை மகன் வளைகுடாவிலிருந்து வரும்போது, "பெட்டியைப் பிரித்துவிடு, அட்டையை எறிந்துவிடு, பழைய பொருள் என்று சொல்" என்று உபதேசிக்கும் வழக்கம் இன்னும் நம்மிடையே உண்டு. சில ஆயிரம் ரூபாய்க்காக வளரும் பிள்ளைகளின் முன் பொய் பயிலலாமா? சட்டத்தின் 77ஆம் பிரிவு பயணி தம் பெட்டியிலுள்ளதைத் தாமே அறிவிக்கச் சொல்கிறது. அறிவித்தவருக்கு வரி மட்டுமே. மறைத்தவருக்கு வரியோடு அபராதமும், சில வேளை பொருளின் இழப்பும் சேரும். பில்லைப் பத்திரப்படுத்துவோம், உள்ளதை உள்ளபடி அறிவிப்போம், கட்டிய வரிக்கு ரசீது கேட்போம், ரசீது தர மறுத்தால் மேலதிகாரியிடம் முறையிடுவோம். உரிமையும் கடமையும் ஒன்றாகவே நடக்கும்.

அயலூரில் வந்து குடியேறிய நம்மை இவ்வூரார் நம்பி ஏற்றது நம் சொல்லின் நேர்மையைக் கண்டு. அந்நேர்மை நாட்டின் வாயிலிலும் விளங்கட்டும். புலி முத்திரை பொறித்த துறையில் தலைநிமிர்ந்து நின்ற வணிகரின் வழித்தோன்றல்கள் நாம். இன்றைய வாயிலிலும் தலைநிமிர்ந்தே நிற்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!